காம்ப்டோதெசின்: நுரையீரற் புற்றுநோய் மருந்தொன்றின் வரலாறு

புற்று என்னும் சொல்லுக்குக் கறையான் எழுப்பிய மண்மேடு என்பதே முதற்பொருள். அகத்தே பல வளைகளாகக் கிளைத்து, புறத்தே மெல்ல மெல்லப் பருத்து, ஓரிடத்துச் சிதைப்பின் மற்றோரிடத்து எழும் அதன் இயல்பைக் கண்டோர், உடம்பினுள் அவ்வாறே வளர்ந்து அரிக்கும் நோய்க்கும் அப்பெயரை இட்டனர் போலும். கிரேக்கர் அதே நோயில் நண்டினைக் கண்டனர். நண்டைக் குறிக்கும் அவர்தம் சொல்லும் அதன் இலத்தீன மொழிபெயர்ப்புமே இன்று ஐரோப்பிய மொழிகளில் அந்நோய்க்குப் பெயராக வழங்குகின்றன. தமிழ் மருத்துவ நூல்களில் கன்னப்புற்று முதலிய தொடர்கள் பயில்கின்றன என்பதை அந்நூல்களைப் பார்த்தோர் அறிவர். ஆயின் புற்று என்னும் பெயர் பெற்றவை யாவும் இக்கால மருத்துவர் புற்றுநோய் என வரையறுக்கும் நோயே எனக் கொள்ளுதல் பொருந்தாது. ஆறாப் புண்களும் சீழ்க்கட்டிகளும் அப்பெயருள் அடங்கியிருத்தல் கூடும். சொல் ஒன்றாயிருத்தல் பொருள் ஒன்றாயிருத்தற்குச் சான்றன்று. மொழியாராய்ச்சியின் இம்முதற்பாடத்தை மருந்து வரலாற்றை ஆராயப் புகுவோரும் மறத்தலாகாது.

இவ்வெச்சரிக்கை ஈண்டு வேண்டப்படுவதற்குக் காரணம் உண்டு. மரஞ்செடிகளிலிருந்து எடுத்த பொருள்கள் சில இன்று நுரையீரற் புற்றுநோய்க்கு மருந்தாகப் பயன்படுகின்றன. அச்செய்தி பரவியதும், இவையெல்லாம் நம் சித்தர் முன்னரே கண்டவை என்னும் கூற்றும் உடன் பரவியது. மேடைப்பேச்சில் அக்கூற்று எழுவதில் வியப்பில்லை; ஆராய்ச்சி என்னும் பெயரால் எழுதப்பெறுவனவற்றிலும் அது சான்றின்றிப் புகுவதே வருந்தத்தக்கது. கூற்று மெய்யாயின் மகிழ்வோம். மெய்யோ அன்றோ என அறிதற்கு, அத்தகைய மருந்து ஒன்றன் வரலாற்றை ஆண்டு முறைப்படி தொடக்கம் முதல் நோக்குதலே நேரிய வழி. யாம் எடுத்துக்கொண்டது காம்ப்டோதெசின் என்னும் பொருள். சீன மரம் ஒன்றில் முதலில் அறியப்பெற்று, பின்னர் நம் மேற்குத் தொடர்ச்சி மலை மரம் ஒன்றிலும் காணப்பெற்றமையால், ஒப்புநோக்குதற்கு இது மிகவும் ஏற்றது.

முதற்கண் நோயைப் பற்றிச் சில சொற்கள். நுரையீரற் புற்றுநோய் சென்ற நூற்றாண்டிற்கு முன் மிக அரிதாயிருந்தது. 1912-இல் ஐசக் அட்லர் என்னும் அமெரிக்க மருத்துவர் அந்நோய் குறித்துத் தனிநூல் ஒன்று வெளியிட்டார். மருத்துவ உலகின் ஏடுகளையெல்லாம் துருவியும் அவர் தொகுக்க முடிந்தது நானூறுக்கும் குறைந்த நோயாளரைப் பற்றிய செய்திகளே. இத்துணை அரிய நோய்க்கு ஒரு தனிநூல் வேண்டுமோ என்னும் ஐயத்தை அவரே எழுப்பிக்கொண்டு விடை கூறவும் நேர்ந்தது. சிகரெட்டு பெருவழக்கான பின்னரே அந்நோய் பெருகிற்று. 1950-இல் இலண்டனில் ரிச்சர்டு டாலும் பிராட்போர்டு இல்லும் வெளியிட்ட ஆய்வும், அதே ஆண்டில் அமெரிக்காவில் விண்டரும் கிரேயமும் வெளியிட்ட ஆய்வும் அத்தொடர்பை நிலைநாட்டின. புகையிலையோ அமெரிக்கக் கண்டத்துச் செடி. போர்த்துகீசியர் வருகைக்குப் பின்னரே நம் நாட்டில் வேரூன்றியது. ஈளை, இருமல், இரைப்பு, சயம் ஆகியவற்றை நம் மருத்துவ நூல்கள் விரித்துரைக்கின்றன. சயம் எனப்பட்ட நோயாளருள் ஒருவர் இருவர்க்கு நுரையீரற் புற்று இருந்திருத்தலும் கூடும். எனினும் அதனைத் தனிநோயாகப் பிரித்தறிதற்கு உடலை அறுத்து நோக்கும் முறையும் நுண்ணோக்கியும் வேண்டும். பிரித்தறியப்படாத ஒரு நோய்க்குத் தனிமருந்து கூறப்பட்டது எனல் எங்ஙனம்?

நுரையீரற் புற்றுக்குப் பயன்படும் பிற மரஞ்செடி மருந்துகளைச் சுருங்கக் கூறி மேற்செல்வோம். நித்தியகல்யாணி மடகாசுகர்த் தீவுக்கு உரிய செடி. ஆதலின் சங்கப் பாடல்களில் அதனைத் தேடுதல் வீண். நம்மவர் அதற்கு இட்ட மற்றொரு பெயர் சுடுகாட்டு மல்லிகை. கனடா நாட்டில் இராபர்ட் நோபிளும் சார்லசு பீரும் அதில் நீரிழிவு மருந்தைத் தேடிப் புறப்பட்டு, வெள்ளணுக்களைக் குறைக்கும் பொருளைக் கண்டு, 1958-இல் வெளியிட்டனர். அவ்வினத்தைச் சார்ந்து பிரான்சில் பியர் போத்தியே ஆக்கிய வினோரெல்பின் 1989-இல் அந்நாட்டில் நுரையீரற் புற்றுக்கு ஒப்புதல் பெற்றது. திருநெல்வேலி, இராமநாதபுரம் பகுதிகளின் புன்செய்களில் இச்செடி பயிராகி வெளிநாடு சென்றுள்ளது. போடோபில்லம் என்னும் செடியின் பொருளிலிருந்து சுவிட்சர்லாந்தின் சாண்டோசு நிறுவனத்தார் 1966-இல் எட்டோபோசைடு என்பதனை ஆக்கினர். சிற்றணு வகை நுரையீரற் புற்றுக்கு அதுவும் சிசுபிளாட்டினும் சேர்ந்த மருத்துவமே நெடுங்காலம் முதலிடம் பெற்றிருந்தது. இமயமலையில் வளரும் போடோபில்லமே அப்பொருளை மிகுதியாகத் தருவது. பசிபிக் கரையோர யூ மரப்பட்டையின் டாக்சால் 1971-இல் அறிவிக்கப்பெற்றது. அதனைக் கண்டோர் மான்ரோ வாலும் மன்சுக் வாணியும் அவர்தம் துணைவருமே. காம்ப்டோதெசின் வரலாற்றிலும் இவ்விருவரே தலைமக்கள்.

மான்ரோ வால் புற்றுநோய் மருந்தைத் தேடியவர் அல்லர். 1949-இல் மேயோ மருத்துவ நிலையத்தார் கார்ட்டிசோன் என்னும் பொருள் மூட்டுவாத நோயாளரை எழுந்து நடக்கச் செய்தது எனக் காட்டினர். விலங்குகளின் பித்தநீரிலிருந்து பெரும்பாடுபட்டுச் செய்ய வேண்டியிருந்த அப்பொருளுக்குத் தாவரங்களில் மூலப்பொருள் கிடைக்குமா என ஆராயும் பொறுப்பை அமெரிக்க வேளாண்துறை மேற்கொண்டது. பென்சில்வேனியா மாநிலத்தில் பிலடெல்பியா நகரை அடுத்த அத்துறை ஆய்வகத்தில் வால் ஆயிரக்கணக்கான செடிகளின் சாற்றைச் சோதித்தார். உலகின் பல பகுதிகளிலிருந்து கொணர்ந்து அமெரிக்காவில் நடப்பெற்ற மரங்களும் அவற்றுள் இருந்தன. தென்சீனத்திற்குரிய காம்ப்டோதெகா அக்யூமினேட்டா என்னும் மரம் அங்ஙனம் வந்தது. சீனர் அதனைச் சீ ஷு என்பர். மகிழ்ச்சி மரம் என்பது பொருள். கார்ட்டிசோனுக்கு அம்மரம் பயன்படவில்லை. சாறு ஏனைய சாறுகளோடு சேமித்து வைக்கப்பெற்றது.

1957-இல் தேசியப் புற்றுநோய் நிறுவனத்தைச் சார்ந்த சோனதன் ஆர்ட்வெல் வாலின் ஆய்வகத்திற்கு வந்தார். போடோபில்லத்தை ஆராய்ந்து தேர்ந்தவர் அவர். புற்றுக்கு மருந்தாக உலக மக்கள் வழங்கிய செடிகளைப் பின்னாளில் பெருந்தொகுப்பாக வெளியிட்டவரும் அவரே. சேமித்த சாறுகளுள் ஆயிரத்தை அனுப்புமாறு அவர் வேண்ட, வால் இசைந்தார். அவ்வாயிரத்தில் காம்ப்டோதெகாவின் சாறு எலிகளின் கட்டிகளை ஒடுக்கும் ஆற்றலில் தனித்து நின்றது. நாட்டுமருத்துவ மரபு பற்றி உலகிலேயே மிகுதியாக அறிந்திருந்த ஆர்ட்வெல் இங்கு மரபை வழிகாட்டியாகக் கொள்ளவில்லை என்பதனைக் கருதுக. பெயர் நோக்காது, பயன் நோக்காது, கைக்கு எட்டிய சாறுகள் அனைத்தையும் எலியில் இட்டுப் பார்த்ததன் விளைவே இக்கண்டுபிடிப்பு.

வால் 1960-இல் வட கரோலினாவின் ஆராய்ச்சி முக்கோண நிறுவனத்திற்குச் சென்றார். 1962-இல் மன்சுக் வாணி அவருடன் சேர்ந்தார். மகாராட்டிரத்து நந்துர்பாரில் 1925-இல் பிறந்து, பம்பாய்ப் பல்கலைக்கழகத்தில் பயின்று, இந்தியானாவில் முனைவர் பட்டம் பெற்றவர் அவர். மரக்கட்டையையும் பட்டையையும் வடித்து, வடித்த சாற்றின் ஒவ்வொரு பகுதியையும் எலியில் சோதித்து, ஆற்றல் மிக்க பகுதியை மட்டும் மேலும் பகுத்துச் செல்லும் முறையை அவர்கள் கைக்கொண்டனர். மஞ்சள் நிறப் படிகமாகத் தூய பொருள் கிடைத்தது. ஐந்து வளையங்கள் அடுத்தடுத்து அமைந்த அதன் கட்டமைப்பை 1966-இல் வெளியிட்டனர். அவ்வைந்தனுள் இறுதி வளையம் லாக்டோன் என்னும் வகையினது. அவ்வளையத்தை வாசகர் நினைவில் இருத்தல் வேண்டும். அடுத்து வரும் தோல்விக்கும் பின்வந்த வெற்றிக்கும் அதுவே காரணம்.

காம்ப்டோதெசின் நீரில் கரையாது. கரையாப் பொருளை நரம்பு வழி ஏற்றுதல் அரிது. ஆகவே மருந்தாக்கியோர் அதனைச் சோடியம் உப்பாக மாற்றினர். உப்பாக மாறும்போது லாக்டோன் வளையம் திறந்துவிடுகின்றது. பொருள் நீரில் எளிதிற் கரைகின்றது. 1970-ஐ ஒட்டிய ஆண்டுகளில் அவ்வுப்பை நோயாளர்க்குக் கொடுத்துப் பார்த்தனர். முதலில் சிலருடைய கட்டிகள் சுருங்கின. பின்னர்ப் பலர்க்கு ஒரு பயனும் விளையவில்லை, இரத்த அணுக்கள் குறைந்தன, வயிற்றுப்போக்கு உண்டாயிற்று, சிறுநீர்ப்பை புண்பட்டுக் குருதி ஒழுகிற்று. கார்ட்டிசோனின் பெருமையை உலகிற்கு அறிவித்த அதே மேயோ நிலையத்தின் மருத்துவர், அத்தேடலின் துணைவிளைவாகிய இம்மருந்து பயனற்றது என 1972-இல் எழுதினர். சோதனைகள் நிறுத்தப்பெற்றன.

நேர்ந்தது யாது என்பது பின்னரே தெளிவாயிற்று. வளையம் திறந்த நிலையில் அப்பொருளுக்கு ஆற்றல் இல்லை. குருதியின் காரத்தன்மையில் அது திறந்தே இருந்தது. சிறுநீர் புளிப்புத்தன்மை உடையது. ஆண்டுச் சென்றதும் வளையம் மீண்டும் மூடிக்கொண்டு ஆற்றல் பெற்றது. கட்டியில் வேலை செய்ய வேண்டிய மருந்து கட்டியைக் கடந்து, சிறுநீர்ப்பையில் தன் வேலையைத் தொடங்கிற்று. நோயாளர்க்குத் தந்தது மருந்தையன்று, மருந்தின் திறந்த கூட்டையே எனல் மிகையாகாது. அச்சோதனைகளில் உடன்பட்டுத் துன்புற்றோரின் பெயர்கள் ஆய்வேடுகளில் இல்லை, எண்ணிக்கைதான் உண்டு. மருந்து வரலாறு எழுதுவோர் அவர்களை ஒரு வரியில் கடந்து செல்வது வழக்கம். எமக்கு அது முறையாகத் தோன்றவில்லை.

பத்தாண்டிற்கும் மேலாகக் கிடப்பில் இருந்த இப்பொருளை மீட்டது ஒரு மருத்துவச் சோதனையன்று. உயிரணு பற்றிய அடிப்படை ஆய்வு. டி.என்.ஏ. என்பது இரு புரி முறுக்கிய நெடுங்கயிறு போன்றது. உயிரணு பிரிவதற்குமுன் அக்கயிற்றின் புரிகள் பிரிந்து படியெடுக்கப்பெறுதல் வேண்டும். கயிற்றின் ஒரு முனையைப் பிரிக்க மறுபுறம் முறுக்கு ஏறும் என்பது கயிறு திரிப்போர் அனைவரும் அறிந்தது. அம்முறுக்கைத் தளர்த்துதற்கு டோப்போஐசோமெரேசு என்னும் நொதி ஒரு புரியை வெட்டி, முறுக்கை விடுத்து, வெட்டிய இடத்தை மீண்டும் இணைக்கின்றது. காம்ப்டோதெசின் வெட்டிய இடத்தில் ஆப்புப்போல் செருகிக்கொண்டு இணைப்பைத் தடுக்கின்றது. படியெடுக்கும் பொறி அவ்விடத்தை வந்து முட்டும்போது கயிறே அறுபடுகின்றது, உயிரணு மடிகின்றது. ஓயாது பிரியும் புற்றணுக்களில் இம்முட்டல் மிகுதி. இதனை 1985-இல் சான்சு ஆப்கின்சு பல்கலைக்கழகத்தில் லீராய் லியுவும் அவருடன் ஆய்ந்தோரும் வெளியிட்டனர். மருந்தின் இலக்கு இன்னதெனத் தெரிந்தபின், வளையத்தை மூடிய நிலையிலேயே வைத்துக்கொண்டு, வேறோர் இடத்தில் நீரில் கரையும் பகுதியைச் சேர்க்கும் முயற்சி வலுப்பெற்றது.

சப்பானில் யாகுல்ட்டு நிறுவனத்தார் அம்முயற்சியை 1983-லேயே செய்திருந்தனர். அவர்கள் ஆக்கிய இரினோடெக்கன் 1994-இல் அந்நாட்டில் ஒப்புதல் பெற்றது. அவ்வொப்புதலிலேயே நுரையீரற் புற்றும் அடங்கும். அமெரிக்காவில் ஆக்கிய டோப்போடெக்கன் 1996-இல் சினைப்பைப் புற்றுக்கும், 1998-இல் முதல் மருத்துவத்திற்குப் பின் மீண்டும் தலையெடுத்த சிற்றணு நுரையீரற் புற்றுக்கும் ஒப்புதல் பெற்றது.

பயனை மிகைப்படுத்தாது அளந்து கூறுதல் வேண்டும். 2002-இல் சப்பானியர் வெளியிட்ட சோதனையில், பரவிய சிற்றணு நுரையீரற் புற்றுடைய 154 பேர் இரு பிரிவாகப் பிரிக்கப்பெற்றனர். எட்டோபோசைடும் சிசுபிளாட்டினும் பெற்றோரின் இடைநிலை வாழ்நாள் 9.4 திங்கள், இரினோடெக்கனும் சிசுபிளாட்டினும் பெற்றோர்க்கு அது 12.8 திங்கள். அமெரிக்காவில் பின்னர் நிகழ்ந்த பெருஞ்சோதனைகள் இவ்வேறுபாட்டை உறுதி செய்யவில்லை. 2006-இல் வெளிவந்த மற்றொரு சோதனையில் நோய் மீண்டெழுந்த 141 பேர் கலந்துகொண்டனர். துன்பந்தணிக்கும் பேணுதல் மட்டும் பெற்றோர் இடைநிலையாக 13.9 வாரம் வாழ்ந்தனர். அதனோடு டோப்போடெக்கனை உண்டோர் 25.9 வாரம் வாழ்ந்தனர். பன்னிரண்டு வாரம். நோயைத் தீர்த்தது என எவரும் கூறவில்லை. ஆயினும் வீட்டில் நோயாளரை வைத்திருந்தோர்க்கு அப்பன்னிரண்டு வாரத்தின் அளவு தெரியும். மூலிகை என்றாலே முழுத்தீர்வு என்று முழங்குவோர் இவ்வெண்களை ஒருமுறை எதிரே வைத்து நோக்குதல் நன்று.

நிற்க. இனி நம் மலைமரத்திற்கு வருவோம். மேற்குத் தொடர்ச்சி மலையிலும் இலங்கையிலும் வளரும் சிறுமரம் ஒன்று உண்டு. கோயம்புத்தூரிலும் சென்னையிலும் பணியாற்றிய தாவர நூலறிஞர் இராபர்ட் வைட்டு அதற்கு நாற்றமுடையது எனப் பொருள்படும் இலத்தீன அடைமொழியைச் சூட்டினார். மராட்டியர் அதனை நரக்யா என்பர். அச்சொல்லிலும் நரகத்தின் சாயல் கேட்கின்றது. சீனத்து மகிழ்ச்சி மரமும் நம் நாற்றமரமும் ஒரு குடும்பத்தன அல்ல; தோற்றத்திலும் உறவிலும் மிகத் தொலைவின. அவ்வாறிருந்தும் நாற்றமரத்தில் காம்ப்டோதெசின் இருப்பதனை, அதுவும் சீன மரத்தினும் மிகுதியாக இருப்பதனை, 1972-இல் கோவிந்தாச்சாரியும் விசுவநாதனும் அறிவித்தனர். மேயோ மருத்துவர் அம்மருந்தைக் கைவிட்ட அதே ஆண்டு அது.

டி. ஆர். கோவிந்தாச்சாரி சென்னையிற் பிறந்தவர். மாநிலக் கல்லூரியில் வேதியியற் பேராசிரியராய் விளங்கி, 1963-இல் பம்பாய்ச் சிபா ஆராய்ச்சி நிலையத்தின் தலைமையை ஏற்றவர். சென்னையில் இருந்தபோதே நஞ்சறுப்பான் என நாம் வழங்கும் கொடியின் டைலோபோரினை ஆராய்ந்து பெயர் பெற்றவர். வால், வாணி ஆகியோரின் பெயர்கள் மருந்து நூல்கள் அனைத்திலும் உள்ளன. மலைமரத்தைக் காட்டிய இவர் பெயரோ தமிழில் எழுதப்பெறும் மருந்து வரலாறுகளில் அருகியே காணப்படுகின்றது. இல்லாத பழம்பெருமையைத் தேடி ஏடுகளைப் புரட்டுவோர், கண்ணெதிரே ஆண்டும் சான்றும் உடைய பெருமையை விட்டுவிடுவது வியப்பே.

கீரிப்பூண்டு என்னும் சிறுசெடியின் செய்தி இவ்வாய்வுக்கு இன்னும் பொருத்தமானது. கீரி பாம்போடு பொருதபின் இதனைத் தேடும் என்னும் நம்பிக்கையால் நம்மவர் அதற்கு அப்பெயர் இட்டனர்; பாம்புக்கடிக்கு மருந்தாகக் கொண்டனர். இலின்னேயசு இட்ட அறிவியற்பெயரும் பாம்புவேர், கீரி என்னும் இரு பொருளையும் தாங்கி நிற்கின்றது. அச்செடியிலும் காம்ப்டோதெசின் உண்டு என 1976-இல் காணப்பெற்றது. செடியை நம்மவர் அறிந்திருந்தனர், பெயரிட்டனர், பயன்படுத்தினர் என்பன மூன்றும் உண்மை. பயன்படுத்தியது நஞ்சுக்கு, புற்றுக்கு அன்று. ஒரு செடியைப் பற்றிய அறிவும் அதனுள் உறையும் ஒரு பொருளைப் பற்றிய அறிவும் வெவ்வேறு என்பதற்கு இதனினும் தெளிவான எடுத்துக்காட்டு வேண்டுவதில்லை. இதனால் மரபு மருத்துவத்திற்கு இழுக்கு என்பது எம் கருத்தன்று. அதன் பெருமையை அது கூறாத ஒன்றில் நாட்டுவதே இழுக்கு.

இரினோடெக்கனும் டோப்போடெக்கனும் இயற்கையில் கிடைக்கும் காம்ப்டோதெசினையே மூலப்பொருளாகக் கொண்டு செய்யப்பெற்றன. ஆகவே 1990-க்குப் பின் நாற்றமரத்திற்கு விலை ஏறிற்று. அதுவரை விறகுக்கும் விரும்பப்படாத மரத்தை மகாராட்டிரம், கருநாடகம் முதலிய பகுதிகளின் காடுகளில் வெட்டிச் சில்லுகளாக்கி ஏற்றுமதி செய்தனர். பல இடங்களில் அது அருகிற்று; அழியும் நிலையிலுள்ள மரங்களின் வரிசையில் வைத்து எண்ணப்பெற்றது. 2005-இல் சம்மு ஆய்வகத்தாரும் செருமானிய அறிஞர் ஒருவரும், அம்மரத்தினுள் வாழும் பூஞ்சை ஒன்று காம்ப்டோதெசினைத் தானே ஆக்குகின்றது என வெளியிட்டனர். மரத்தை வெட்டாமல் பூஞ்சையை வளர்த்து மருந்து பெறலாம் என்னும் நம்பிக்கை அதனால் எழுந்தது. எனினும் ஆய்வகத்தில் பன்முறை வளர்க்க வளர்க்க இவ்வகைப் பூஞ்சைகளின் ஆக்கும் திறன் குன்றுகின்றது; அதனால் மரத்தின் தேவை ஒழிந்தபாடில்லை.

மருந்தின் கதையும் முடியவில்லை. காம்ப்டோதெசின் வழிவந்த பொருள் ஒன்றை எதிர்ப்புரதத்தோடு பிணைத்து, குறித்த புற்றணுவிற்கே கொண்டு சேர்க்கும் முறையில் ஆக்கிய திராசுடூசுமாப் டெருக்சுடெக்கன், எர்-2 மரபணு மாற்றமுடைய நுரையீரற் புற்றுக்கென 2022-இல் அமெரிக்காவில் விரைவு ஒப்புதல் பெற்றது. 1972-இல் சிறுநீர்ப்பையைப் புண்படுத்திய பொருளின் வழித்தோன்றல் அரை நூற்றாண்டிற்குப்பின் கட்டியைத் தேடிச் செல்கின்றது.

இத்துறையில் மேலும் ஆராய விரும்பும் மாணவர்க்கு ஒன்று குறித்தல் வேண்டும். கோவிந்தாச்சாரியின் 1972-ஆம் ஆண்டுக் கட்டுரைகள் அம்மரத்தை மாப்பியா பீட்டிடா எனக் குறிக்கின்றன. பின்வந்தோர் நோத்தபோடைட்டீசு பீட்டிடா என்றனர்; இக்காலத்தார் நோத்தபோடைட்டீசு நிம்மோனியானா என்பர். மூன்றும் ஒரு மரமே. புதுப்பெயரை மட்டும் கொண்டு தேடுவோர்க்குப் பழைய கட்டுரைகள் அகப்படா. மூன்று பெயராலும் தேடுக.